எதிர்வீட்டு அக்கா பதிவுகள்

கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாத விஷயம் கதவு. எங்கள் தூத்துக்குடிப் பக்கம் பகலில் கதவு சாத்தியிருந்தால் ஆள் இல்லை, அல்லது தூங்குகிறார்கள். ராயபுரத்துச் சந்தில் கதவு சாத்தியிருந்தால் ஏதோ சண்டை என்று அர்த்தம். புருஷனோடு சண்டையா, மாமியாரோடு சண்டையா, அல்லது சந்தோடே சண்டையா என்று தெரிந்துகொள்ள யாராவது வந்து தட்டுவார்கள். நான் வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டுச் சமைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாளே தட்டினாள் எதிர்வீட்டு அக்கா.

"இன்னாம்மே, கதவ சாத்திகினு உள்ள இன்னா பண்ற?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே வந்து, அடுப்பில் இருந்த குழம்பைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். இவ்வளவு தேங்காயா என்று கேட்டாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. முன்பின் தெரியாத வீட்டில் குழம்பை ருசி பார்ப்பது என்ன மரியாதை என்று அன்று ராத்திரி புருஷனிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அவர் இதே சந்தில் வளர்ந்தவர். நாளைக்கு நீயும் போய் அவர்கள் குழம்பை ருசி பார், சரியாகிவிடும் என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அதுதான் இங்கே முறை.

அக்கா என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை. ஐஸில் ஊறி ஊறி அவள் விரல் நுனிகள் வெளுத்துப்போயிருக்கும். அவள் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், அதிகம் பேசாதவர். வீட்டுக்கும் சேர்த்துப் பேசுவது அக்காவின் பொறுப்பு. ஒரே பெண், அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, விடியற்காலையில் அடி பம்பில் என் குடங்களையும் சேர்த்து நிரப்பி வாசலில் வைத்துவிட்டுப் போவது அக்காதான். நான் கேட்டதில்லை. அவளும் சொல்லிக்காட்டியதில்லை.

நான்காவது வருஷம் எனக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. கண் படும் என்று அதுவரை சந்தில் வேறு யாருக்கும் சொல்லியிருக்கவில்லை, சேலையில் வயிறும் வெளியே தெரியவில்லை. புருஷன் வேலைக்குப் போயிருந்த நேரம். அக்காதான் என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். இரண்டு நாள் கொட்டகைக்குப் போகாமல் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தாள். வீட்டுக்குத் திரும்புகிற வழியில், சந்து முனையில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னிடம் மெதுவாகப் பேசினாள். "உனக்கு மஞ்சக்காமாலன்னு சொல்லிகீறேன். எவ கேட்டாலும் அத்தயே சொல்லு."

ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கரு தங்காதவள் என்று பெயர் விழுந்துவிட்டால், பிறகு எந்த வளைகாப்பிலும் நலங்கு வைக்க என்னைக் கூப்பிடத் தயங்குவார்கள், கூப்பிட்டாலும் பின்வரிசையில் உட்காரவைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. சந்துப் பெண்கள் அக்கறையோடு கீழாநெல்லி பறித்துக்கொண்டு வந்தார்கள். அக்காவே அதை அரைத்து மோரில் கலக்கி, அவர்கள் முன்னாலேயே என்னைக் குடிக்கவைத்தாள். இல்லாத காமாலைக்கு ஒன்பது நாள் அந்தக் கசப்பைக் குடித்தேன். அக்கா முகத்தில் ஒரு சிரிப்பில்லை, ஒரு கண்ஜாடை இல்லை. அந்தப் பொய் இன்றுவரை அந்தச் சந்தில் உண்மையாகவே இருக்கிறது.

அதற்கடுத்த வருஷம் அவர்கள் வீட்டு டிவியில் பிக்சர் டியூப் போய்விட்டது. அக்காவும் மகளும் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். மகள் சீக்கிரமே சலித்துப்போய் நின்றுவிட்டாள். அக்கா மட்டும் தினமும் சாயங்காலம் வேலை முடித்து, குளித்து, ஈரத் தலையோடு வந்து கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்காருவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரையோ பூண்டோ எதையாவது மடியில் வைத்துக்கொள்வேன். சீரியல் ஓடும்.

அக்காவுக்கு அது சீரியல் இல்லை, பக்கத்துத் தெரு. வில்லி மாமியார் திரையில் வந்தாலே, "வந்துட்டா பார் கலீஜ் முண்ட" என்பாள். கதாநாயகி அறை வாங்கினால் எழுந்து நின்றுவிடுவாள். திருப்பி ஒன்று விடத் தெரியாமல் அழுதுகொண்டு நிற்கிற பெண்ணை அவளால் பொறுத்துக்கொள்ள முடியாது. வெள்ளிக்கிழமை கதையை ஒரு திருப்பத்தில் நிறுத்திவிட்டால் சனி ஞாயிறு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பாள். கொட்டகையில் இறால் உரித்துக்கொண்டே எல்லாரும் அந்தப் பேச்சுதான் என்று திங்கள்கிழமை சொல்வாள். நான் அவளைக் கிண்டல் செய்வேன். அவளும் என்னைக் கிண்டல் செய்வாள். ஆபீஸ்காரி, அழுகை வந்தால் வெங்காயம் உரிக்கப் போய்விடுகிறாய் என்பாள். அது நிஜம்தான். நானும் அழுவேன். கொஞ்சம் ஒளித்து அழுவேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆபீஸில் ஐந்து மணிக்கு வேலை முடிந்துவிடும். கம்பெனி வேன் ஆறரைக்குத்தான். வெளியே எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கும். அந்த ஒன்றரை மணி நேரம் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் எனக்குத்தான். தமிழில் வலைப்பதிவு எழுதுகிற கூட்டம் அப்போதுதான் பெருகிக்கொண்டிருந்தது. இங்கிலீஷ் எழுத்தைத் தட்டினால் தமிழ் எழுத்து வந்து விழுவதே எனக்கு ஒரு அதிசயமாக இருந்தது. புனைபெயர் ஒன்றை வைத்துக்கொண்டு நானும் ஒரு பதிவு தொடங்கினேன்.

முதலில் நான் எழுதியது நாகரிகத்தைப் பற்றி. பஸ்ஸில் செல்போனில் கத்துகிறவர்கள், காசு மிச்சம் பிடிக்க மிஸ்டு கால் கொடுத்துவிட்டு நாம் கூப்பிட்டால் அரை மணி பேசுகிறவர்கள், சாவு வீட்டில்கூட ரிங்டோனை மாற்றாதவர்கள். செய்திச் சேனலில் கீழே ஓடுகிற வரியைப் படித்துக்கொண்டிருந்தால் மேலே சொல்கிற செய்தி காதில் விழுவதில்லை என்று ஒரு பதிவு. தேர்தல் வந்தால் சுவர்கள் யாருக்குச் சொந்தம் என்று ஒரு பதிவு. எல்லாம் நியாயமான கருத்துகள். படிக்கத்தான் ஆள் இல்லை. இரண்டு பேர் பின்னூட்டம் போடுவார்கள். அதில் ஒருவர் எல்லாருக்கும் 'அருமை' என்று எழுதிவிட்டுப் போகிறவர்.

ஒருநாள் எழுத எதுவும் தோன்றாமல், வில்லி மாமியாரை அக்கா திட்டியதை அப்படியே எழுதிவைத்தேன். எழுதும்போது நானே சிரித்தேன். அவள் பேச்சை அவள் பேசுகிற மாதிரியே, கொஞ்சம் கூட்டித்தான் எழுதினேன். மறுநாள் திறந்து பார்த்தால் இருபது பின்னூட்டம். சிங்கப்பூர், துபாய், அமெரிக்கா. ஆபீஸில் சிரித்து மேனேஜரிடம் மாட்டிக்கொண்டேன் என்று ஒருத்தர். மெட்ராஸ் பாஷையைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு என்று ஒருத்தர். அக்கா அடுத்து எப்போது வருவார் என்று எல்லாரும்.

அந்தக் கேள்வி எனக்குப் போதை ஏற்றியது. அப்படித்தான் சொல்ல வேண்டும். ஊரில் பி.காம். படித்து, கவிதை எழுதிப் பரிசு வாங்கி, கேட் பாஸ் டைப் அடித்துக்கொண்டிருந்தவளை உலகமே கூப்பிட்ட மாதிரி இருந்தது. 'எதிர்வீட்டு அக்கா' என்று தலைப்புப் போட்டு வாரம் ஒன்று எழுதினேன். சமையலறையில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டேன். அக்கா ஏதாவது சொன்னால், பாலை இறக்குவதுபோல் எழுந்து போய்க் குறித்துக்கொண்டு வருவேன். அவள் பேசாமல் இருந்தால் பேசவைப்பேன். அந்த மாமியார் பாவம் இல்லையா அக்கா என்று வேண்டுமென்றே கேட்பேன். அவள் பொங்குவாள். எனக்கு ஒரு பத்தி கிடைக்கும்.

அந்த வருஷக் கடைசியில் சீரியலில் கதாநாயகிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. ஐந்து நாளைக்கு அவளை ஆப்பரேஷன் தியேட்டர் கதவுக்குப் பின்னாலேயே வைத்திருந்தார்கள். புதன்கிழமை அக்கா வேலை முடிந்து நேராக மாதா கோயிலுக்குப் போய், அந்தப் பெண் பிழைக்கவேண்டும் என்று மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். டிவியில் வருகிறவளுக்கு மெழுகுவத்தியா என்று நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

அவளுக்கு ஒரு தங்கை இருந்தாளாம். முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள். வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, இறால் லாரி வந்துவிட்டது என்று அக்கா கொட்டகையிலேயே இருந்துவிட்டாள். சாயங்காலம் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தாளாம். "அன்னிக்கி ஒரு மொயுவத்தி ஏத்தக் கூட எனக்குத் தோணல" என்றாள். அத்தனை வருஷத்தில் தங்கையைப் பற்றி அவள் பேசியது அந்த ஒரு முறைதான். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் வயிற்றில் ஐந்து மாதம் இருந்துவிட்டுப் போனதை நினைத்துக்கொண்டேன். அன்று ஒளிக்காமலே அழுதேன். இரண்டு பேரும் அழுதோம். டிவி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஆபீஸில் ஐந்து மணிக்கு உட்கார்ந்து அதை எழுதினேன். தங்கையை எழுதவில்லை. என்னை எழுதவில்லை. இரண்டையும் எழுதினால் சிரிப்பு வராது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சீரியல் கதாநாயகிக்குச் சுகப்பிரசவம் ஆக மெழுகுவத்தி ஏற்றிய ராயபுரத்து அக்காவை மட்டும் எழுதினேன். குழந்தை பிறந்தால் தொட்டில் வாங்க ஸ்டூடியோவுக்கே போய்விடுவாள் என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். அந்தப் பதிவுக்கு வந்த பாராட்டு வேறெதற்கும் வந்ததில்லை. யாரோ அதை வெட்டி ஒட்டி மெயிலில் அனுப்ப, என் புனைபெயரும் உதிர்ந்துபோய், 'சென்னைத் தமிழ் காமெடி' என்ற தலைப்பில் அது ஊரெல்லாம் சுற்றியது. எங்கள் ஆபீஸ் கணக்குப் பிரிவுக்காரர் எனக்கே அனுப்பினார். அன்று எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். தலைகால் புரியவில்லை.

அடுத்த மாதம் ஒரு திங்கள்கிழமை அக்கா சீரியலுக்கு வரவில்லை. லாரி தாமதமாக வந்திருக்கும் என்று நினைத்தேன். செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை அவள் மகள் வந்தாள். அப்போது கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். கையில் நான்காக மடித்த காகிதம். வகுப்பில் யாரோ பிரின்ட் எடுத்து வந்து உரக்கப் படித்துச் சிரித்திருக்கிறார்கள். சந்தும் மாதா கோயிலும் மெழுகுவத்தியும் இறால் கொட்டகையும் அதில் இருந்தன. அவளும் எல்லாரோடும் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நின்றிருக்கிறாள். அப்புறம் பிரவுசிங் சென்டரில் தேடி மற்ற பதிவுகளையும் படித்திருக்கிறாள்.

காகிதத்தை என் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அம்மாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டிவிட்டதாகச் சொன்னாள். கோபமாகப் பேசியிருந்தால் எனக்கும் ஏதாவது பேச வந்திருக்கும். அவள் மிகவும் பொறுமையாகக் கேட்டாள். "சித்தி கதை உங்களுக்குத் தெரியும்னு அம்மா சொல்றாங்க. தெரிஞ்சுமா இப்படி எழுதினீங்க?"

தெரியாது என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி யோசித்தேன். அந்த யோசனை வந்ததற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவள் காகிதத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அன்று ராத்திரி புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு அதுவரை இன்டர்நெட்டில் நான் என்ன செய்கிறேன் என்றே தெரியாது. படித்துக் காட்டச் சொன்னார். மேசையில் கிடந்த காகிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

மறுநாள் விடியற்காலையில் பம்புக்குப் போனேன். வழக்கம்போல அக்கா அடித்துக்கொண்டிருந்தாள். அவள் குடத்துக்குப் பக்கத்தில் என் குடம் நிரம்பியிருந்தது. அவள் அதைத் தூக்கித் தெருவில் எறிந்திருந்தால் என்னால் அழுது, காலில் விழுந்து, எப்படியோ சமாதானம் ஆகியிருக்க முடியும். தண்ணீரில் யாரும் கோபத்தைக் காட்டுவதில்லை அந்தச் சந்தில். அது முறை. முறை அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

தப்புப் பண்ணிவிட்டேன் அக்கா, எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன் என்றேன். பம்பை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டு குடத்தை நிரப்பி முடித்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். சுற்றிலும் மற்ற பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பதில் அப்போதும் கவனமாக இருந்தாள்.

"நீ எய்துனது பொய்யின்னா உன்னாண்ட சண்டைக்கு வந்துருப்பேன். நான் திட்னது நெஜம், மொயுவத்தி ஏத்துனது நெஜம். ஆனா ரெண்டு பேருந்தானேம்மே அயுதோம்? நீ அயுதத நான் எவளாண்டயும் சொல்லலியே."

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். என் குடத்தை எடுத்துக்கொள்ள எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

பதிவுகளை அன்றைக்கே அழித்தேன். அழிப்பது சுலபமாகத்தான் இருந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிக். ஆனால் மெயிலில் சுற்றியதை யாராலும் அழிக்க முடியாது. வருஷக்கணக்கில் அது எங்கெங்கோ தலைகாட்டியது. ஒருமுறை ஒரு கல்யாணத்தில் ஒருவர் செல்போனிலிருந்து அதைப் படித்துக் காட்டினார். பந்தியே சிரித்தது. எழுதியவள் நான் என்று சொல்லத் தைரியமில்லாமல் நானும் இலையைப் பார்த்துக்கொண்டு சிரித்து வைத்தேன். பிறகு நான் என்னென்னவோ எழுதியிருக்கிறேன், பத்திரிகைகளில்கூட வந்திருக்கிறது. யாரையாவது கேலி செய்து ஒரு வாக்கியம் வந்தால், அது நடந்தபோது நான் யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பல வாக்கியங்கள் அத்தோடு போய்விடுகின்றன. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பட்டபின் வருகிற புத்தி.

அக்கா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குச் சீரியல் பார்க்க வரவில்லை. கொஞ்ச நாளில் அரசு கொடுத்த கலர் டிவி சந்தில் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. அவள் வர வேண்டிய காரணமும் இல்லாமல் போனது. எட்டு மணிக்கு அதே பாட்டு எதிர்வீட்டிலும் கேட்கும், எங்கள் வீட்டிலும் கேட்கும். நான் தரையில் உட்காருவதை விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன்.

ஒருநாள் சீரியல் நேரத்தில் தாங்க முடியாமல் எதிர்வீட்டுக்குப் போனேன். கூப்பிடாமல், வாசலில் செருப்பை விட்டுவிட்டு, முன்பெல்லாம் போனதுபோல உள்ளே நுழைந்தேன். அக்காவும் மகளும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பாயில் இடம் இருந்தது. நான் உட்காரக் குனிவதற்குள் அக்கா எழுந்து உள்ளே போய், விருந்தாளிக்குப் போடுகிற பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, முந்தானையால் துடைத்துப் போட்டாள். "வாங்க, உக்காருங்க. எப்படி இருக்கீங்க?" என்றாள். மகள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அக்கா காபி கலந்து, புது டம்ளரில், தட்டு வைத்துக் கொண்டுவந்தாள். ஆபீஸில் வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்தாள். ஒவ்வொரு வார்த்தையையும் டிவியில் செய்தி வாசிப்பவர்போல நிறுத்தி, திருத்தமாகப் பேசினாள். அந்தப் பேச்சை அவள் வாயில் அதற்குமுன் நான் கேட்டதே இல்லை.

சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வில்லி மாமியார் குழந்தையைத் தாயிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனாள். அக்காவுக்கு முகம் சிவந்தது. பாயிலிருந்து பாதி எழுந்துவிட்டாள், வாயும் திறந்துவிட்டது. அப்போது அவள் கண் நாற்காலியில் இருந்த என்மேல் பட்டது. வாயை மூடிக்கொண்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு திரும்ப உட்கார்ந்தாள்.

"காபி ஆறுது, சாப்பிடுங்க" என்றாள்.